சீமோனின் அடைமொழி

கடந்த அக்டோபர் 28ஆம் நாள், திருத்தூதர்களான புனித சீமோன், யூதா ஆகியோரின் விழா. மடத்துக்குளத்தை அடுத்த கிளைக் கிராமம் ஒன்றில் காலைத் திருப்பலி நிறைவேற்றினோம். லூக்கா நற்செய்தியிலிருந்து பன்னிருவரின் பெயர்ப் பட்டியலை வாசித்தோம். கூடியிருந்தோர் இருபது பேர் இருக்கலாம். அவர்களுள் பாதிப்பேர் மில் வண்டிக்கு நேரமாகிறதே என்ற கவலையில் வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தனர். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பீடச் சிறுவன் ஒருவன் அருகே வந்து நின்றான்.

“ஏனுங்க சாமி, தீவிரவாதியப் போயா இயேசு சீடராச் சேர்த்துக்கிட்டாரு?”

நமக்கு உடனே விளங்கவில்லை. அவன் வாசக நூலைத் திறந்து விரல் வைத்துக் காட்டினான். சீமோனின் பெயருக்கு முன்னால் ‘தீவிரவாதி’ என்னும் அடைமொழி இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான குருத்துவப் பணியில் இப்பட்டியலை எத்தனை முறை வாசித்திருப்போம்! ஒருமுறையேனும் அந்தச் சொல்லில் நம் நா இடறியதில்லை. “அந்தக் காலத்தில் அதற்கு வேறு பொருள், தம்பி” என்றோம். “சரிங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முகத்தில் நிறைவு இல்லை. நமக்கும் இல்லை.

அன்று மாலை விளக்கவுரை நூல்களை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். லூக்கா தம் நற்செய்தியில் சீமோனைக் கிரேக்க மொழியில் ‘செலோத்தே’ என்று குறிக்கிறார். மத்தேயுவும் மாற்கும் அதே பொருள்கொண்ட அரமேயச் சொல்லின் வடிவத்தைக் கையாள்கின்றனர். தம் இறைவன்மீதும் மக்கள்மீதும் பற்றியெரியும் ஆர்வம் உடையவர் என்பதே அதன் வேர்ப்பொருள். உரோமை ஆட்சியை வாளேந்தி எதிர்த்த ஒரு கட்சிக்கு அப்பெயர் நிலைத்தது கி.பி. 66இல் மூண்ட யூதப் போரின்போதுதான் என்றும், ஆகவே சீமோனை அக்கட்சியைச் சேர்ந்தவர் என்று கொள்வதற்கில்லை என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று ‘செலோத்தே’ என்ற சொல்லையே அப்படியே வைத்துக்கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அதைத் தமிழாக்கி, ‘தீவிரவாதி’ என்றது.

மொழிபெயர்த்தோரைக் குறை கூறலாகாது. அச்சொல் தமிழில் ஒரு காலத்தில் மதிப்போடு வாழ்ந்த சொல். நாம் பள்ளியில் படித்த வரலாற்றுப் பாடத்தை நினைவுகூர்வோம். 1907இல் சூரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில் பிளவு நேர்ந்தது. விண்ணப்பங்கள் வழியே உரிமை பெறலாம் என்றோர் மிதவாதிகள். திலகரைப் பின்பற்றியோர் தீவிரவாதிகள். தமிழகத்தில் அந்தத் தீவிரவாதிகள் யாவர்? வ.உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா, பாரதியார். தேர்வில் அப்படித்தான் எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம்.

அந்தத் தீவிரவாதி சிதம்பரனார் என்ன செய்தார் என்பதை மில் தொழிலாளர் நிறைந்த நம் வட்டாரத்தார் சிறப்பாக அறிந்திருக்க வேண்டும். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் குறைந்த கூலியையும் நீண்ட வேலை நேரத்தையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவரும் சிவாவும் முன்னின்றனர். ஒன்பது நாள் சென்றபின் நிர்வாகம் இணங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஞாயிறு ஓய்வின் அருமையை, ஞாயிறன்றும் ஷிப்டுக்கு ஓடும் பிள்ளைகளைப் பெற்ற நம் தாய்மார்களுக்கு விளக்கத் தேவையில்லை. அடுத்த சில நாள்களிலேயே சிதம்பரனார் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கோவைச் சிறையில் இழுத்த செக்கு இன்றும் நினைவுச் சின்னமாய்ப் பாதுகாக்கப்படுகிறது.

இப்படி வாழ்ந்த சொல் எப்போது இருண்டது? 1980களில் பஞ்சாபிலிருந்தும் காசுமீரிலிருந்தும் வந்த செய்திகளை நாளேடுகள் தமிழில் தந்தபோது, ஆங்கிலத்தின் ‘மிலிட்டன்ட்’ என்ற சொல்லுக்கும் ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என்ற சொல்லுக்கும் ‘தீவிரவாதி’ என்ற ஒரே சொல் வழங்கலாயிற்று. துப்பாக்கி ஏந்தாத எவரும் இனி அந்தச் சொல்லுக்கு உரியவர் அல்லர் என்றாயிற்று. இலங்கைச் செய்தி வந்தபோதோ குழப்பம் இன்னும் பெருகியது. ஒரே இளைஞன் ஓர் ஏட்டில் போராளி. மற்றோர் ஏட்டில் தீவிரவாதி. 1979இல் அங்கு இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முன்னால் பயங்கரவாதி. யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு அவன் வெறும் ‘பெடியன்’.

சொல் மாறினால் செயல் தூய்மையாகிவிடாது என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபரில் வட இலங்கையின் முஸ்லிம்கள் தங்கள் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டபோது, துரத்தியோரின் பெயர் போராளிகள் என்றே இருந்தது. 1998 பிப்ரவரி 14 அன்று நம் கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் மாண்டன. அச்செயலுக்குப் பயங்கரவாதம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. ஆனால் அந்நாளுக்குப் பின்னர், குண்டுக்கும் தமக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத எத்தனை எளியோர், பெயரின் பொருட்டே அந்தச் சொல்லைச் சுமக்க நேர்ந்தது! வாடகைக்கு வீடு கேட்டுப் போனவர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் வெளியுலகின் கதை. இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

‘மிலிட்டன்ட்’ என்ற சொல்லின் தாய் இலத்தீன் மொழி. ‘மீலெஸ்’ என்றால் படைவீரர். ‘மீலித்தாரே’ என்றால் படையில் பணிபுரிதல். அந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றதில் திருச்சபைக்குப் பெரும் பங்குண்டு. மண்ணில் வாழும் நாம் போராடும் திருச்சபை. உத்தரிக்கும் ஆன்மாக்கள் துன்புறும் திருச்சபை. விண்ணகப் புனிதர் வெற்றி பெற்ற திருச்சபை என்று நம் பெற்றோர் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தனர். திருவருட்சாதனத்தைக் குறிக்கும் ‘சக்ரமெந்தும்’ என்ற இலத்தீன் சொல்லே உரோமைப் படைவீரன் எடுக்கும் உறுதிமொழியின் பெயர்தான். திருமுழுக்கு வாக்குறுதியை அவ்வுறுதிமொழியோடு ஒப்பிட்டு, கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தெர்த்துல்லியன் எழுதினார்.

நம் பங்கின் மரியாயின் சேனையை நினைத்தால் புன்னகை வருகிறது. 1921இல் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் தொடங்கிய அவ்வமைப்பின் பிரசீடியம், வெக்சில்லம் முதலிய பெயர்கள் உரோமைப் படையிலிருந்து எடுக்கப்பட்டவை. இங்கோ அச்சேனையின் வீரர்கள், முழங்கால் வலியோடு நோயாளரைச் சந்திக்கச் செல்லும் பாட்டிமார். அவர்களைக் கண்டு எவரும் அஞ்சியதில்லை. 1925இல் பெல்ஜியத்தில் அருட்தந்தை கார்டைன் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்திலும், ஊக்கமாய் உழைத்த ஆலைத் தொழிலாளியை ‘மிலித்தான்’ என்று பிரெஞ்சு மொழியில் பெருமையோடு அழைத்தனர். அந்த கார்டைனையே 1965இல் திருச்சபை கர்தினாலாக்கியது.

உறுதிபூசுதலைப் பற்றி நம் தாயார் சொன்னது ஒன்று உண்டு. அவர் காலத்தில் ஆயர் எண்ணெய் பூசியபின், அமைதி வாழ்த்துக் கூறியபடியே கன்னத்தில் இலேசாக ஓர் அறை கொடுப்பார். கிறிஸ்துவின் படைவீரராகிவிட்டாய், இனி அவர் பொருட்டு அடி வாங்க ஆயத்தமாயிரு என்பது அதன் பொருள் என்று ஞானோபதேசம் கற்பித்தவர்கள் சொன்னார்களாம். “அடிக்கக் கத்துக்குடுக்கல, சாமி. அடி வாங்கத்தான் கத்துக்குடுத்தாங்க” என்பார் தாயார், நாம் குருவான பின்பு நம்மையும் ‘சாமி’ என்றே அழைத்து. 1971இல் சடங்கு திருத்தப்பட்டபோது அந்த அறை நீங்கிற்று. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘பயணம் செய்யும் திருச்சபை’ என்ற அழகிய சொல்லை முன்வைத்தபின், ‘போராடும் திருச்சபை’ என்ற தொடரும் மெல்ல மெல்ல நம் நாவிலிருந்து மறைந்தது. நாம் குருமடத்தில் பயின்ற 1990களில் அது தேர்வுக்குரிய ஒரு வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே இருந்தது.

படைச் சொற்கள் போனதற்காக வருந்தவில்லை. சிலுவைப் போர்களின் இரத்தக் கறையும் அச்சொற்களின்மேல் படிந்திருந்ததை மறக்கலாகாது. ஆனால் சொல்லோடு வேறொன்றும் நம்மிடமிருந்து போய்விட்டதோ என்ற ஐயத்தை நமக்கு உண்டாக்கியது ஒரு நிகழ்ச்சி. ஆறு ஆண்டுகளாக நெஞ்சில் கிடப்பதை இங்கே எழுதத் துணிகிறோம்.

மடத்துக்குளம் உடுமலைக்கும் பழனிக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த ஊர். அமராவதிப் பாசனம், நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் மண். ஆயினும் நம் மக்களுள் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. நூற்பாலைகளும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுமே அவர்களுக்குச் சோறு போடுகின்றன. நம் பங்கு இளைஞர் ஒருவர் அப்படியொரு நூற்பாலையில் வேலை செய்துவந்தார். சிறுவயதில் பீடத்தில் பணிசெய்தவர். தந்தை இல்லை, தாயும் தங்கையும் அவரை நம்பியிருந்தனர்.

ஆலையில் மிகை நேர வேலைக்குச் சாதாரணக் கூலியே தரப்பட்டுவந்தது. அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி அதற்கு இருமடங்கு தரவேண்டியிருந்தது. அந்த இளைஞர் அதைக் கேட்டார். சம்பளச் சீட்டு கேட்டார். பிடித்தம் செய்த வைப்புநிதிக்குக் கணக்குக் கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஓர் எந்திரத்தையும் நிறுத்தவில்லை. மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சில நாள்களுக்குப் பின் அந்த ஆலையின் அலுவலர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஆண்டுதோறும் நம் ஆலயத் திருவிழாவிற்கு ஒலிபெருக்கிச் செலவை ஏற்பவர், பண்பானவர். காப்பி அருந்தியபடியே, “உங்க பையன் ஒருத்தன் நம்ம மில்லுல இருக்கானே, எப்படிங்க சாமி?” என்று கேட்டார். நாம் சொன்னோம்: “நல்ல பையன்தான். கொஞ்சம் தீவிரம்.”

அந்தச் சொற்களைச் சொல்லும்போது நம் மனத்தில் தீங்கு இல்லை என்று நெடுநாள் நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். உண்மையில் அப்போது நம் மனத்தில் இருந்தது ஒலிபெருக்கிச் செலவு. அலுவலர் தலையசைத்தார். அடுத்த மாதம் இளைஞருக்கு வேலை போயிற்று.

அவர் நம்மைத் தேடி வந்தார். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தோம். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றபடியே கேட்டார்: “நீங்களே அப்படிச் சொன்னீங்கன்னாங்க, சாமி. நான் கேட்டதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க. தப்பு இல்லீன்னா, ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

பொறுமையாயிருக்கச் சொன்னோம். செபிக்கச் சொன்னோம். அவருடைய கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை. அவர் வணங்கிவிட்டுப் போனார்.

அவ்வாண்டின் பெரிய வெள்ளி வந்தது. யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தோம். தலைமைக் குருவின் வீட்டில் காவலன் ஒருவன் இயேசுவின் கன்னத்தில் அறைகிற இடம் வந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. மறு கன்னத்தை மௌனமாய்க் காட்டவுமில்லை. தாம் பேசியது தவறானால் தவறை எடுத்துக்காட்டும்படியும், சரியானால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்டார். அந்த வரியை வாசித்தபோது நம் குரல் நின்றுவிட்டது. வாசற்படியில் கைகட்டி நின்றவர் நம்மிடம் கேட்டதும் அதுவேயன்றோ! அவர் யோவான் நற்செய்தியை மனத்தில் வைத்துக் கேட்டவர் அல்லர். நியாயம் உள்ளவன் அடிபட்டால் அப்படித்தான் கேட்பான். காவலனின் இடத்தில் நாம் நின்றிருந்தோம்.

நம் தாயார் சொன்ன உறுதிபூசுதல் அறையின் முழுப்பொருள் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. அடி வாங்குவது மட்டும் படைவீரரின் கடமை என்றால், அடிமையும் அதைச் செய்கிறான். திருப்பி அடிப்பது மட்டும் வீரம் என்றால், விலங்கும் அதைச் செய்கிறது. அடியைத் தாங்கிக்கொண்டு, அடித்தவனையும் மனிதனாக மதித்து, அவன் மனச்சான்றை நோக்கி உண்மையைக் கேட்பது இவ்விரண்டிலும் சேராது. கிறிஸ்தவர் பேசத்தக்க போர்க்குணம் இதுவே. எபேசியருக்கு எழுதிய திருமுகம் கடவுள் தரும் படைக்கலன்களை வரிசைப்படுத்துகையில், நம் போராட்டம் மனிதரோடு அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறது. அங்கே கொடுக்கப்படும் ஒரே வாள் இறைவாக்கு. அதாவது, பேச வேண்டியதைப் பேசுதல்.

யோபு நூலின் ஏழாம் அதிகாரமும் நினைவுக்கு வருகிறது. மனித வாழ்வைப் படைவீரனின் பணியோடு ஒப்பிடும் அவ்வசனம், உடனே கூலியாளின் நாளோடும் ஒப்பிடுகிறது; அடுத்த வசனம் கூலிக்காகக் காத்திருப்பவனைப் பேசுகிறது. பழைய இலத்தீன் விவிலியத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘மிலீசியா’. போராட்டமும் கூலியும் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட மறைநூலை வைத்துக்கொண்டு, கூலி கேட்டவரைத் ‘தீவிரம்’ என்றோமே! திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கங்களையும் ஆதரித்து எழுதியதை நாம் தேர்வில் விவரித்திருக்கிறோம். 1981இல் இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றி எழுதிய மடலில், தொழிற்சங்கத்தின் போராட்டம் நீதிக்காக நடப்பதேயன்றி மற்றவர்க்கு எதிராக நடப்பதன்று என்று பகுத்துக் காட்டியதையும் படித்திருக்கிறோம். படித்தது ஏட்டோடு நின்றுவிட்டது.

திருப்பூரில் 1932 ஜனவரியில் குமரன் கொடியேந்தி ஊர்வலம் சென்றார், தடியடிபட்டு வீழ்ந்தார், மறுநாள் உயிர் நீத்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை; கொடியையும் விடவில்லை. அன்றைய ஆட்சியின் ஏட்டில் அவர் கலகக்காரர்களுள் ஒருவர். இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. சிலையான பின்பு போராளியைப் போற்றுவது எளிது.

நம்மவர் ஒருவரையும் மறக்கலாகாது. திருச்சி அருகே விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, சார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே உழைத்தார். நக்சலைட்டுகள் என்ற பெயரில் விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் சென்றார். இறுதியில் அதையொத்த சொல் அவர்மீதே வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 8 அன்று, தம் 83ஆம் வயதில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதானார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத அவர், நீர் அருந்த உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருந்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். விசாரணை தொடங்குமுன்பே, பிணையும் கிடைக்காமல், 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அன்று நம் பங்கில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். மறையுரையில் கண் கலங்கினோம். ஆனால் ஒரு சொல்லால் ஓர் ஏழையின் வாழ்வை மாற்றும் வேலையை நாமும் சிறிய அளவில் செய்தவர்கள் என்பதை அன்று மக்களுக்குச் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

அந்தப் பெரிய வெள்ளிக்குப் பின் நாம் ஆலை அலுவலரைப் போய்ப் பார்த்தோம். “அன்று சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிறோம். அந்தப் பையன் கேட்டது சட்டப்படி அவருக்கு உரியது” என்றோம். அவர் சிரித்து, “அதெல்லாம் பழைய கதைங்க சாமி” என்றார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. திருவிழா ஒலிபெருக்கிச் செலவும் அவ்வாண்டு முதல் நின்றது; அன்பியங்கள் பிரித்துக்கொண்டன. இளைஞரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவருடைய தாயார் பதறிப்போய், “சாமி இப்படியெல்லாம் கேக்கலாமுங்களா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வாங்கி வரப் புறப்பட்டார். இப்போது அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விடியற்காலைப் பேருந்தில் போய் இரவு திரும்புகிறார். அங்கும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குகிறாராம்.

அன்பு வாசகர்களே, சொற்களின் பொருளை அகராதி மட்டும் முடிவு செய்வதில்லை. யார், யாரைப் பார்த்து, யாருடைய காதில் படும்படி சொல்கிறார் என்பதும் அதை முடிவு செய்கிறது. வீட்டில் மருமகள் தன் நகையைப் பற்றிக் கேட்கும்போதும், பங்குப் பேரவையில் இளைஞர் கணக்குக் கேட்கும்போதும், வேலையாள் கூலி கேட்கும்போதும் ‘கொஞ்சம் தீவிரம்’ என்று நம் நாவில் வந்து நிற்கிறதே, அப்போது ஒரு கணம் நிற்போம். அவர் யாரையேனும் காயப்படுத்துகிறாரா, அல்லது தாம் காயப்படத் துணிந்து உண்மையைக் கேட்கிறாரா? முன்னதானால் தடுப்போம். பின்னதானால் அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் நமக்கும் இருக்கிறது.

அந்தப் பீடச் சிறுவனுக்கு விடை கடன்பட்டிருந்தோம். அடுத்த ஞாயிறன்று அவனை அழைத்து அதே பட்டியலை மீண்டும் திறந்தோம். சீமோனின் பெயரையும், சற்று மேலே மத்தேயுவின் பெயரையும் காட்டினோம். ஒருவர் தம் மக்களுக்காகக் கொதித்தவர். மற்றவர் அந்நிய ஆட்சிக்காக அம்மக்களிடமே வரி வசூலித்தவர். “ஆமாம் தம்பி, சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்” என்றோம்.

அவன் சற்று யோசித்தான். “சண்ட போட்டுக்கலீங்களா, சாமி?”

“போட்டிருப்பார்கள்” என்றோம். “ஆனாலும் பந்தியை விட்டு எழுந்து போகவில்லை.”